திருப்புளிப் புராணம்

1888 ஆகஸ்டில் ஒரு நாள், பொழுது நன்றாக விடிவதற்குள், ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் பெர்த்தா பென்ஸ் அம்மாள் தன் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் மோட்டார் வண்டியைக் கிளப்பிவிட்டார். வீட்டுக்காரர் பெயர் கார்ல் பென்ஸ். 1886-லேயே மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு பேடன்ட் வாங்கியவர். வாங்கி என்ன பிரயோஜனம்? பட்டறையில் உட்கார்ந்து இங்கே ஒரு நட்டு, அங்கே ஒரு போல்ட் என்று திருகிக்கொண்டே இருந்தாரே தவிர, வண்டியை வெளியே காட்டி நாலு காசு பார்க்கும் சாமர்த்தியம் போதவில்லை. அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. போகாதா பின்னே? கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கேட்டு வாங்கி இந்த மனுஷனின் தொழிலில் போட்டவர் அவர். முதலீட்டாளர்களுக்குப் பொறுமை குறைவு என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி.

போக வேண்டிய ஊர் ஃபோர்ட்ஸ்ஹைம், அம்மா வீடு. நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அதுவரை எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு தூரம் போனதில்லை. போகாததற்குக் காரணமும் வழியிலேயே தெரிந்தது. எரிபொருள் குழாயில் அடைப்பு. அம்மாள் தொப்பியில் செருகியிருந்த ஊசியை உருவி, குத்தி எடுத்தார். மின்கம்பியின் மேலுறை தேய்ந்துபோய் ஷார்ட் ஆனது. காலுறையை இறுக்கிப் பிடிக்கும் கார்ட்டரைக் கழற்றி அதில் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லாக் என்ற ஊரில் மருந்துக்கடையில் நுழைந்து, துணிக்கறை போக்க விற்றுவந்த லிக்ராயினை வாங்கி ஊற்றினார். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்தது. ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து அதன்மேல் தோல் அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்று இன்றைக்கு நாம் காசு கொடுத்து மாற்றும் பொருள் உலகத்துக்கு வந்தது இப்படித்தான். மேட்டில் வண்டி ஏறவில்லை. அதற்குத்தான் இரண்டு பையன்கள்.

ஊர் திரும்பியதும் அம்மாள், மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் வைத்தார். வண்டி ஓட்டுகிறவர் சொன்னதைத் தயாரிப்பாளர் மறுபேச்சில்லாமல் கேட்ட முதல் சம்பவம் அது. கடைசிச் சம்பவமும் அதுவாக இருக்கலாம்.

இந்தக் கதையை எல்லோரும் அம்மாளின் தைரியத்துக்காகச் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்குக் கண்ணில் படுவது வேறு. ஒரு பயணத்துக்குள் அந்த வண்டி கெடக்கூடிய விதத்திலெல்லாம் கெட்டது. கெட்ட ஒவ்வொன்றையும் நடுரோட்டில், கையில் கிடைத்ததைக் கொண்டு சரிசெய்ய முடிந்தது. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஊருக்கு ஊர் படுத்துக்கொள்ளும் வண்டியை, ரோட்டில் போகிறவனும் எழுப்பிவிடலாம் என்றபடி செய்யாவிட்டால் எந்தப் புத்திசாலி வாங்குவான்? 'அந்தக் காலத்து வண்டியை நாமே ரிப்பேர் பண்ணிக்கலாம்' என்று பெருமூச்சு விடும் பெரியவர்கள் வசதியாக மறக்கும் விஷயம் இது. நாமே பண்ணிக்கொண்டோம், சரி. எத்தனை தடவை பண்ணினோம்?

ஹென்றி ஃபோர்டு வந்தார். 1908 முதல் 1927 வரை 'மாடல் டி'யை ஒன்றரைக் கோடி எண்ணம் செய்து தள்ளினார். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது. பம்பு கிடையாது, பெட்ரோல் தானாக வழிந்து இன்ஜினுக்குப் போக வேண்டும். செங்குத்தான மேட்டில் மூக்கைத் தூக்கியதும் இன்ஜின் டேங்கைவிட உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் வழிவது நின்றுவிடும். அமெரிக்க விவசாயி அசரவில்லை. வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் மேடு ஏறினான். பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டுப் பார்த்தான்.

ஸ்டார்ட் செய்வது தனிக் கலை. முன்னால் போய் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிவைக்க ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு நெம்பு உண்டு. அதை மறந்துவிட்டுச் சுற்றினால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும், கைப்பிடி திருப்பி அடிக்கும். அதனால் கட்டைவிரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மடக்கிப் பிடித்தால் விரலோ மணிக்கட்டோ உத்தரவாதமில்லை. கை ஒடிந்தவர்கள் நிறைய. கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர் இப்படி அடிபட்டு இறந்தே போனார் என்பார்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912-ல் கேடிலாக் கார்களில் வந்தது. மனிதன் கையிலிருந்து வண்டி பிடுங்கிக்கொண்ட முதல் வேலை இதுதான். எலும்பு முறிந்தவர்கள் யாரும் ஆட்சேபம் தெரிவித்ததாகத் தகவல் இல்லை.

இதே காலத்தில் கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் துரைசாமி என்று ஒரு பையன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்துவிட்டான். நம்மில் பலர் பார்த்தால் என்ன செய்வோம்? மைலேஜ் எவ்வளவு என்று கேட்போம். அந்தப் பையன் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து வண்டியை வாங்கினான். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்கக்காகப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டினான். பின்னால் ஜி.டி. நாயுடு என்று பெயர் வாங்கி, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கி, அதிலிருந்து யு.எம்.எஸ். என்ற சாம்ராஜ்யத்தைக் கட்டினார். சர்வீஸ் சென்டரில் போய் உட்கார்ந்து காபி குடித்திருந்தால் இந்தச் சரித்திரம் நடந்திருக்காது. இன்றைக்கு ஒரு பையன் புது மோட்டார் சைக்கிளை வாங்கிய அன்றே பிரித்துப் போட்டால் முதலில் போவது வாரன்டி. அடுத்ததாக அப்பாவின் பொறுமை.

மெட்ராஸுக்கு வருவோம். 1955-ல் என்ஃபீல்டு இந்தியா பிறந்து, திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. பிள்ளை இங்கே ஆரோக்கியமாக டப் டப் என்று போய்க்கொண்டிருந்தது. பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வது பார்க்க வேண்டிய காட்சி. சாவியைத் திருப்ப வேண்டும். ஹெட்லைட் தலைமேல் இருக்கும் ஆம்ப் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரைப் பதமாக அமுக்கிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, இடது கையில் டீகம்ப்ரஷர் நெம்பைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை இன்னும் ஒரு துளி அமுக்க வேண்டும். நெம்பை விட்டு, கிக்கரை முழுக்க மேலே வரவிட்டு, உடம்பின் மொத்த எடையையும் தூக்கி ஒரே மிதி. சரியாகச் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு துளியில் பிசகினால் கிக்கர் திருப்பி அடிக்கும்; அப்போதும் தெரு திரும்பிப் பார்க்கும். புல்லட்காரர்கள் வலது கணுக்காலைத் தடவிக்கொண்டே பேசுவார்கள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நியூட்ரல் தேடிக் களைத்தவர்களுக்காக அதற்கென்றே தனியாக ஒரு பெடல்.

திருடனுக்கு இதெல்லாம் தெரியாது என்பதால் பூட்டே தேவைப்படவில்லை என்று பழைய ஆட்கள் சொல்வதை நான் பாதி நம்புகிறேன். 2021-ல் வந்த புது கிளாசிக்கில் கிக்கர் கிடையாது. 2023-ல் புல்லட்டிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும். கணுக்கால்கள் பிழைத்தன. பேட்டரி தீர்ந்த அன்று மட்டும் அந்தக் கணுக்கால்களுக்கு வண்டியைத் தள்ளும் வேலை உண்டு.

பஜாஜ் சேத்தக் வேறு வழிபாட்டு முறை. காலையில் அலுவலகம் கிளம்பும் அப்பா முதலில் ஸ்கூட்டரை இடது பக்கம் சாய்ப்பார். தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்த்து, ஒரு விநாடி பிடித்து, நிமிர்த்துவார். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்கும் என்பது ஐதிகம். பிறகு கிக். எழுந்திருக்காவிட்டால் பக்கவாட்டு மூடியைத் திறந்து, ட்யூப் ஸ்பேனரை விட்டு பிளக்கைக் கழற்றுவார். டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து எரிப்பதால் பிளக்கின் முனை கரி பிடித்து ஈரமாக இருக்கும். உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி, முனைகளின் இடைவெளியைக் கண்ணளவில் பார்த்து, ஒயரில் மாட்டி இன்ஜின்மேல் சாய்த்துவைத்து, கிக்கரைக் கையால் அமுக்கி, நீலப்பொறி பறக்கிறதா என்று பார்ப்பார். பறக்கும். அப்பாவின் முகத்தில் அன்றைக்கு அலுவலகத்தில் யார் திட்டினாலும் கவலையில்லை என்ற களை வந்துவிடும். 2020-ல் சேத்தக் திரும்ப வந்தது, மின்சாரத்தில். அதையும் யாராவது ஒருவர் காலையில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது என் நம்பிக்கை.

ஓசூரில் 1980-ல் பிறந்த டிவிஎஸ் 50-க்கு இந்த பந்தாவெல்லாம் இல்லை. பெடல் வைத்திருந்தது. இன்ஜின் படுத்துக்கொண்டால் சைக்கிளாக மிதித்து வீடு போய்ச் சேரலாம். தன்னைத் தானே நம்பாத இந்த நேர்மை மொபெட்களைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் இருந்ததில்லை.

அம்பாசிடருக்கு வந்தால் கொஞ்சம் உட்கார்ந்துதான் பேச வேண்டும். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கழித்துக்கட்டிய உடம்பை வைத்துக்கொண்டு தயாரித்தார்கள். பானெட்டைத் திறந்தால் நடுவில் இன்ஜின், சுற்றிலும் மைதானம். ஸ்பேனர் கீழே விழுந்தால் நேராகத் தரைக்குப் போகும், குனிந்து எடுத்துக்கொள்ளலாம். இன்றைய காரில் விழுந்த பத்தாம் நம்பர் ஸ்பேனரை அடுத்த உரிமையாளர்தான் கண்டெடுப்பார்.

சித்திரை வெயிலில் வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறிய அம்பாசிடரில் போயிருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பாதி மலையில் வண்டி இருமத் தொடங்கும். டிரைவர் அண்ணன் ஓரம் கட்டுவார். குடும்பம் இறங்கும். பாட்டி, கேட்காமலேயே, 'ரேடியேட்டர் கொதிச்சிருக்கும்டா' என்பார். அவருக்கும் தெரியும், போன வருஷமும் இதே வளைவில்தான் கொதித்தது. ஈரத்துணியைச் சுருட்டி மூடியை அண்ணன் மெதுவாகத் திருகுவார், புஸ்ஸென்று ஆவி சீறும், குழந்தைகள் கைதட்டும். சில சமயம் ரேடியேட்டர் குற்றமில்லை. சூட்டில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. வைத்தியம்: பம்பின்மேல் ஈரத்துண்டைப் போட்டுவிட்டு, பீடி ஒன்று தீரும்வரை காத்திருப்பது. ரேடியேட்டரில் ஊசித்துளை ஒழுகலா, மஞ்சள்தூளைக் கொட்டு. டேங்க் கசிகிறதா, துணி சோப்பை வழித்து அப்பு. பேட்டரி இறங்கிவிட்டதா, இறங்கித் தள்ளு. மாப்பிள்ளையானாலும் தள்ள வேண்டும். சமத்துவத்துக்கு அம்பாசிடர் செய்த தொண்டு இன்னும் சரியாக எழுதப்படவில்லை.

இதைச் சொல்லும்போது ஏக்கமாக இருக்கிறதா? எனக்கு இல்லை. கொடைக்கானலுக்குப் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும்.

இந்தக் கைவித்தைகளுக்கெல்லாம் முதல் அடி 1983 டிசம்பரில் விழுந்தது. மாருதி 800 வந்தது. அது செய்த குற்றம் ஒன்றே ஒன்று: காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பியது. மறுநாளும் கிளம்பியது. ஊர் அதிர்ந்தது. அதுவரை கார் வைத்திருப்பவர் என்றால் அரை மெக்கானிக் என்று பொருள். டிக்கியில் ஸ்பேனர் செட், ஃபேன் பெல்ட், பாயின்ட் செட், ஒரு கேன் தண்ணீர் இல்லாமல் ஊர் தாண்ட மாட்டார். மாருதிக்காரர் டிக்கியில் பெட்டி படுக்கையை வைத்தார். திருப்புளி பிடிக்கத் தெரியாத முதல் கார்காரத் தலைமுறை அப்போதுதான் உருவானது. எந்தக் கம்ப்யூட்டரும் அப்போது அவர்கள் கையைத் தட்டிவிடவில்லை. அவர்களாகவே விட்டார்கள், சந்தோஷமாக.

கம்ப்யூட்டர் வேறு கண்டத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அமெரிக்க நகரங்களின் புகை தாங்காமல் 1970-ல் அந்த நாடு காற்றுத் தூய்மைச் சட்டத்தை இறுக்கியது. கார்புரேட்டர் என்பது அடிப்படையில் உத்தேசம். காற்றும் பெட்ரோலும் ஏறக்குறைய இவ்வளவு என்று கலந்து அனுப்பும், மெக்கானிக் ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிக் காதால் கேட்டு ட்யூன் செய்வார். புகைபோக்கியில் மாட்டிய கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு உத்தேசம் ஆகாது. அளவு மாறினால் வேலை செய்யாது. எனவே புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று மோந்து பார்க்க ஒரு சென்சார், அது சொல்வதைக் கேட்டுப் பெட்ரோலை அளந்து பீய்ச்ச ஒரு கம்ப்யூட்டர். 1996-லிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும், ஸ்டீயரிங்குக்குக் கீழே, பதினாறு ஊசி கொண்ட ஒரே மாதிரி பிளக் கட்டாயமானது. வண்டி தன் நோயைத் தானே சொல்லும் வாய் அது.

வாய் திறந்து பேசுவது டாக்டரிடம் மட்டும். நம்மிடம் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் போட்ட ஒரே ஒரு விளக்கைக் காட்டும். அமெரிக்கக் கார்களில் பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் அது எரியும். இன்ஜின் மிஸ்ஸிங் ஆனாலும் அதேதான் எரியும். 'உன்னிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது, பெரியவர்கள் யாரையாவது கூட்டி வா' என்று பொருள்.

நம் நாட்டில் புகைக் கட்டுப்பாட்டு விதிகளில் படிப்படியாக ஏறி, பிஎஸ் 5 என்ற படியை ஒரே தாண்டாகத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ் 6-ல் குதித்தோம். அன்றைக்கு நாடே ஊரடங்கில் கிடந்தது. நூறு வருஷத்துக்கு மேல் உழைத்த கார்புரேட்டர், மாலை போட நாலு மெக்கானிக்குகள்கூட வர முடியாத நிலையில், பெரும்பாலான இந்தியப் புது மோட்டார் சைக்கிள்களிலிருந்து விடைபெற்றது. டிவிஎஸ் 50-ன் வாரிசான எக்ஸ்எல் 100-க்கே ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. நெல் மூட்டையும் வாழைத்தாரும் மீன் கூடையும் சுமக்கும் வண்டிக்குள் கம்ப்யூட்டர்.

இதில் கம்பெனியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோவின் பின்னால் சிக்னலில் நின்றவர்களுக்கு ஏன் என்று தெரியும். அந்தப் புகையைக் குறைக்கத்தான் இந்தச் சிக்கல் வந்தது. ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நோண்டக்கூடிய சமாச்சாரமும் அல்ல. ஆனால் இந்த நியாயமான சிக்கலின் முதுகில் வேறு ஒரு கூட்டம் டிக்கெட் வாங்காமல் ஏறிக்கொண்டது. ஹெட்லைட் பல்பை மாற்ற முன் பம்பரைக் கழற்றச் சொல்லும் கார்கள் இருக்கின்றனவே, அதற்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்? எல்.இ.டி. விளக்கில் ஒரு பொட்டு அணைந்தால் மொத்த விளக்கையும் மாற்று என்கிறார்களே? புது பேட்டரி போட்டால் 'புதுசு வந்திருக்கிறது' என்று கம்ப்யூட்டருக்கு முறைப்படி அறிமுகம் செய்துவைக்க வேண்டிய கார்கள் உண்டு. பின் சக்கர பிரேக் பேட் மாற்றுவது முன்பெல்லாம் ஜாக்கி, ஸ்பேனர், அரை மணி நேரம். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் வந்தபிறகு, பல கார்களில் முதலில் ஸ்கேனரை மாட்டி, 'சர்வீஸ் செய்யப்போகிறேன், பிடியை விடு' என்று மோட்டாரிடம் மனுப் போட வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியைக்கூடச் சில உயர்ரகக் கார்களில் எடுத்துவிட்டார்கள்.

உச்சம் வேண்டுமென்றால், 2021-ல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் இக்யூஎஸ். மின்சாரக் கார். அதன் பானெட்டை உரிமையாளர் திறக்க முடியாது. திறப்பது சர்வீஸ்காரர்களின் வேலை. கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்ற மட்டும் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள். தொப்பி ஊசி அம்மாளின் பெயரில் பெருமை கொண்டாடும் அதே கம்பெனிதான். அம்மாள் இன்றைக்கு அந்தக் காரில் கிளம்பினால் வழியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றலாம். மீதி நேரம் போனில் காத்திருக்கலாம்.

பிஎம்டபிள்யூ இன்னொரு வழியில் சிந்தித்தது. சீட்டைச் சூடாக்கும் கம்பி காருக்குள் ஏற்கெனவே இருக்கும். அது சூடாக வேண்டுமானால் மாதச் சந்தா கட்டு என்று 2022-ல் சில நாடுகளில் கேட்டது. ஊர் சிரித்ததில் அடுத்த வருஷமே அந்த யோசனையைக் கைவிட்டார்கள். நம்மூரில் வெயிலில் நிறுத்திய காரின் சீட்டுக்கு இந்தச் சேவை ஆதிகாலத்திலிருந்தே இலவசம்.

ஸ்டெப்னி கதையும் இங்கேதான் வருகிறது. ஆரம்பத்தில் கார்கள் உபரிச் சக்கரம் இல்லாமல்தான் வந்தன. 1904-ல் வேல்ஸின் லனெல்லி ஊரைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர்கள் அதை ஒரு வியாபாரமாக்கி உலகமெங்கும் விற்றார்கள். மனித இனம் நூற்றுப் பதினாறு வருஷம் அந்த ஐந்தாவது சக்கரத்தைச் சுமந்தது. 2020-ல் நம் மத்திய அரசு விதியைத் திருத்தி, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்றது. டிக்கியில் இடம் மிச்சம். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் அந்த இடத்தில் உட்கார்ந்து யோசிக்கலாம்.

சர்க்கார் கம்பெனிகள் பக்கமே நின்றது என்றும் சொல்ல முடியாது. ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைக்காரர்களுக்குக் கிடைக்கவிடாமல் வைத்துக்கொண்டார்கள் என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து ஏறக்குறைய 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் என்ன செய்தன? நாம் டிராஃபிக் போலீஸிடம் செய்வதைத்தான்; கொஞ்சம் பெரிய அளவில், வக்கீல் வைத்து. அமெரிக்காவில் டிராக்டர் விவசாயிகளின் பாடு இன்னும் வேடிக்கை. சொந்த டிராக்டரின் பூட்டிய மென்பொருளைத் திறக்க, உக்ரைன் பக்கத்திலிருந்து வரும் திருட்டு மென்பொருளை இணையத்தில் தேடி வாங்கினார்கள் என்று 2017-ல் செய்தி வந்தது. சோளம் நெப்ராஸ்காவில், சாவி உக்ரைனில்.

நாமக்கல் லாரிக்காரர்களைக் கேட்டால் இவ்வளவு நயமாகப் பேச மாட்டார்கள். பழைய லாரியை ஆணி, கம்பி, கெட்ட வார்த்தை ஆகிய மூன்றையும் கொண்டு காஷ்மீர் வரை ஓட்டிப்போய்த் திரும்பியவர்கள் அவர்கள். பிஎஸ் 6 லாரிக்கு டீசலோடு யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். வயலுக்குப் போட்டுக்கொண்டிருந்த சரக்கு லாரிக்கும் வந்துவிட்டது. நூற்றுக்கு முப்பத்திரண்டரை பங்கு யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்ஸைடை மட்டுப்படுத்துவது அதன் வேலை. தீர்ந்துபோனால் கம்ப்யூட்டர் லாரியின் இழுவையைக் குறைத்துவிடும். முழு லோடோடு மேட்டில் நிற்கும்போது 'சுற்றுச்சூழல்' என்று லாரி யோசிக்கத் தொடங்கினால் டிரைவர் என்ன யோசிப்பார் என்பதை அச்சில் ஏற்ற முடியாது. கரிவடிகட்டி நிறைந்துவிட்டால் ஓரம் கட்டி, வண்டியை நின்ற இடத்திலேயே உறும விட்டு, கரியை எரித்துத் தீர்க்க வேண்டும். முன்பெல்லாம் டிரைவருக்குக் களைப்பு வந்தால் வண்டி நிற்கும். இப்போது வண்டிக்கே வருகிறது.

என் பெரியப்பா இந்த யுக மாற்றத்தை நேருக்கு நேர் சந்தித்தவர். பழைய ஃபியட் காலத்து ஆள். பரணில் தகர டிரங்குப் பெட்டி நிறைய ஸ்பேனர். பையன் வாங்கிக் கொடுத்த புதுக் காரில் மஞ்சள் விளக்கு எரிந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பானெட்டைத் திறந்தார். உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு பெரிய மூடி. அதன்மேல் கம்பெனி முத்திரை. அவ்வளவுதான். பானெட்டுக்குள் இன்னொரு பானெட். மூடிவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனார், நானும் துணைக்கு.

குளிர்சாதன அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கார். கையுறை மாட்டிய ஒரு பையன் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகிவிட்டு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பானெட்டைத் தொடவே இல்லை. பெரியப்பா எழுந்து கண்ணாடியருகே போனார்.

"தம்பி, நானும் பக்கத்துல நின்னு பார்க்கலாமா?"

"கஸ்டமர் உள்ள வரக்கூடாது சார். இன்சூரன்ஸ் ப்ராப்ளம் சார்."

"அவன் பானெட்டைத் தொறக்கலையேப்பா?"

"தேவைப்படாது சார்."

அரை மணி நேரம் கழித்து பில் வந்தது. ஸ்கேனிங் சார்ஜ் தனியாக, ஜி.எஸ்.டி. தனியாக.

"என்ன கோளாறு தம்பி?"

"கோளாறு எதுவும் இல்ல சார். எரர் இருந்துச்சு, கிளியர் பண்ணிட்டோம்."

"கோளாறு இல்லேன்னா லைட்டு ஏன் எரிஞ்சுது?"

"அது எரியறதுதான் சார் எரர். மறுபடி எரிஞ்சா கொண்டு வாங்க சார்."

வரும் வழியெல்லாம் பெரியப்பா பேசவில்லை. பேரனைப் பிடித்து ஆன்லைனில் தேடச் சொல்லி, அந்தப் பதினாறு ஊசிப் பிளக்கில் செருகும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வரவழைத்தார். காரில் செருகினால் ப்ளூடூத்தில் செல்போனுக்குக் கோளாறு எண்ணை அனுப்பும். இரண்டு வாரம் தெருவில் நிற்கும் கார்களையெல்லாம் படித்துப் பழகினார். பி0300 என்றால் மிஸ்ஃபயர், பி0171 என்றால் பெட்ரோல் கலவை மெலிவு, பி0420 என்றால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் களைத்துவிட்டது என்று ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறார். கிரக பலன் சொல்லும் ஜோசியருக்கு உள்ள மரியாதை இப்போது தெருவில் அவருக்கு இருக்கிறது. டிரங்குப் பெட்டி பரணிலேயே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு வங்கி அதிகாரி பதறிக்கொண்டு வந்தார். மஞ்சள் விளக்கு. பெரியப்பா கருவியைச் செருகி, மூக்குக்கண்ணாடியை இறக்கி, செல்போனை நீட்டிப் பிடித்து வாசித்தார். பி0420. ஒரு பட்டனை அமுக்கினார். விளக்கு அணைந்தது.

"என்ன ப்ராப்ளம் சார்?" என்றார் அதிகாரி.

"ப்ராப்ளம் ஒண்ணும் இல்ல. எரர் இருந்துச்சு, கிளியர் பண்ணிட்டேன்," என்று கருவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் பெரியப்பா. "மறுபடி எரிஞ்சா கொண்டு வாங்க சார்."